வயரும் நூல் மாதிரிதான்

வயர் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் கேட்பார்கள். சிவப்பு இருக்கா, பச்சை இருக்கா, நீலத்திலேயே கொஞ்சம் வெளிர் நீலம் கிடையாதா என்று புடவைக் கடையில் நிற்கிற மாதிரி நிற்பார்கள். உள்ளே ஓடுகிற செம்பு எவ்வளவு கனம் என்று கேட்பவர் நூற்றில் ஒருவர். முப்பத்தொரு வருஷமாகச் சங்கரன்கோவிலில் எலெக்ட்ரிக் கடை நடத்துகிறேன், சார். நிறம் கேட்டவருக்கு நிறத்தைக் கொடுத்துவிட்டு, கனத்தை நானே பார்த்துக் கொடுத்திருக்கிறேன். உன் கடை வயர் எரிந்துபோனது என்று இதுவரை ஒருவரும் என் கடைப் படியேறி வந்ததில்லை. நீங்கள்தான் முதல்.

நேற்று இரண்டு கேள்வி கேட்டீர்கள். என் தம்பி கட்டிய வண்டியில் விளக்குகளுக்குக் கனத்த வயரும், பேட்டரியிலிருந்து வருகிற மெயினுக்குச் சன்ன வயரும் தலைகீழாக ஓடியிருக்கிறதே, எப்படி என்பது ஒன்று. வண்டி எரிந்த அன்று மதியம் என் போனிலிருந்து தம்பிக்குப் போன அழைப்பு இருபத்திரண்டு நிமிஷம் நீடித்திருக்கிறதே, ஏன் என்பது இன்னொன்று. வாயால் சொன்னால் நான் சுருக்கிவிடுவேன். கடைக்காரப் பழக்கம். அதனால்தான் பேப்பர் கேட்டேன். முதல் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டே போனால் இரண்டாவதும் அதிலேயே வந்துவிடும்.

தம்பி ராமசுப்பு கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ‘வயர் நம்பரை நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன், என் மனைவி விஜிதா சாவுக்கு நானே காரணம்’ என்று சொல்லியிருக்கிறான். கேஸ் அவன் பேரில்தான் வரும் என்றீர்கள். அவன் ஒன்றையும் தப்பாக நினைக்கவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சரியாகப் படித்த பிள்ளை அவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நான் அவனுக்கு அக்கா, பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா அவனுடைய மூன்றாவது வயதில் போய்விட்டாள். அப்பா போனபோது அவன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான், கடை என் கைக்கு வந்தது. சோறு ஊட்டியதிலிருந்து தறி போட்டுக் கொடுத்தது வரை நான். குருவிகுளத்தில் போய் விஜிதாவைப் பார்த்துக் கட்டிவைத்ததும் நான். எனக்குக் கல்யாணம் நடக்காததற்கு அவன் காரணம் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் சிரிப்பேன், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாக அவர்கள் மாடியில், நான் கீழே. பிள்ளை இல்லை. ஒரே அடுப்பு. மூன்று பேருக்கு என்ன குறை.

அவனுக்குச் சின்ன வயதில் இருட்டென்றால் பயம். படுக்கைக்குப் பக்கத்தில் நானே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டிக் கொடுத்தேன். நான் என் கையால் செய்த முதல் வயரிங் அதுதான். கல்யாணம் ஆன பிறகு மாடி ஜன்னலில் அந்த வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், விளக்குக்குக் கனத்த வயர் போனதற்கு இது ஒரு காரணம் என்று நான் வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் நூல் ஆள் என்பதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் வெளியூர்க்காரர், உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கு நூலின் நம்பர் ஏற ஏற நூல் சன்னம். நாற்பதாம் நம்பர் கனம், எண்பதாம் நம்பர் சன்னம், நூறாம் நம்பர் அதைவிடச் சன்னம். இதை அவர்கள் யோசித்துச் சொல்வதில்லை. பெரிய நம்பர் என்று காதில் விழுந்தால் விரல் தானாகவே சன்னத்தை நினைத்துக்கொள்ளும். ராமசுப்பு கண்ணை மூடிக்கொண்டு நூலை உருட்டியே நம்பர் சொல்லிவிடுவான்.

வயரில் இரண்டு கணக்கு உண்டு. அப்பா காலத்தில் எல்லாரும் கேஜ் என்பார்கள். கேஜ் நூல் மாதிரி. எட்டு கேஜ் கனம், பதினாறு கேஜ் சன்னம். இப்போது கடையில் விற்பதெல்லாம் ஸ்கொயர் கணக்கு. அது நேர் எதிர். ஒரு ஸ்கொயர் சன்னம், நாலு ஸ்கொயர் கனம், பத்து ஸ்கொயர் சுண்டுவிரலில் பாதி இருக்கும். பெட்டியின் மேல் வெறும் நம்பரைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். மற்றதெல்லாம் பொடி எழுத்து.

போன வருஷம் தறிகளை வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டு வாசலில் இந்த வண்டியைக் கட்ட ஆரம்பித்தான். ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிற வீடு. போனில் வெள்ளைக்காரர்கள் செய்கிற வீடியோவைப் பார்த்து விஜிதாவுக்கு ஆசை, விஜிதாவைப் பார்த்து இவனுக்கு ஆசை. சட்டத்தை மருதப்பன் பட்டறையில் வெல்டிங் வைத்து வாங்கினான். உள்ளே பிளைவுட், வெளியே தகடு, நடுவில் சூடு இறங்காமல் இருக்கத் தெர்மாகோல். ஏழு மாதம் ஆனது. டீக்கடையில் இருந்தவர்கள், ‘ராமசுப்பு, இனி ரேஷன் கார்டுல எந்த விலாசம்ல போடுவே?’ என்று கேலி செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஏழு மாதமும் மூன்று வேளை டீ கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பலகையெல்லாம் அடித்து முடித்த அன்று உள்ளே எட்டிப் பார்த்து, “எத்தன பேரு படுக்கலாம்?” என்று கேட்டேன். “ரெண்டு பேருக்குத்தாங்க்கா இடம்” என்றான். “எப்ப திரும்புவிய?” என்றேன். “கன்னியாகுமரில ஆரம்பிச்சு மேல போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான். திரும்புறத அப்புறம் பாப்போம்” என்றான். நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ரசத்துக்குப் புளி கரைத்தேன். அன்று புளி கொஞ்சம் கூடிவிட்டது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மறுவாரம் வயர் எடுக்கக் கடைக்கு வந்தான். காலை பதினொரு மணி இருக்கும். போனில் ஒரு படம் வைத்திருந்தான்.

“அக்கா, இதுல கேஜ் கணக்குப் போட்டிருக்கான். மெயினுக்கு எட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பன்னெண்டு, விளக்குக்குப் பதினாறு. ஒன் கடையில ஒண்ணு, ஒன்றரை, ரெண்டரை, நாலுன்னுல்லா இருக்கு?”

“ஆமா.”

“எட்டவிடப் பதினாறு சன்னம். நூல் மாதிரி. இதுவும் அப்படித்தானா?”

நான் அப்போது ஹோல்டர் ஒன்றுக்கு ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். வேர்த்திருந்தான். கன்னத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவனை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

“வயரும் நூல் மாதிரிதாம்ல” என்றேன்.

“அப்ப மெயினுக்கு ஒண்ணு, ஃப்ரிட்ஜுக்கு ஒன்றரை, விளக்குக்கு நாலு. சரிதானக்கா?”

நான் காயில்களை எடுத்து வைத்தேன். அவன் கேட்டதைத்தான் கொடுத்தேன். பத்து ஸ்கொயர் காயில் ஒன்று மேல் தட்டில் பெட்டியோடு இருந்தது. அவனுடைய மெயினுக்கு வேண்டியது அதுதான். இப்போதும் அங்கேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு எதற்குப் பத்து ஸ்கொயர் என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். பேட்டரி ஷாக் அடிக்காது, அதனால் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடுகிறார்கள். வீட்டுக் கரண்ட் ஒரு பங்கு ஓடிச் செய்கிற வேலைக்குப் பேட்டரிக் கரண்ட் ஏறக்குறைய இருபது பங்கு ஓட வேண்டும். ஓட்டம் கூடினால் வயர் கனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சுடும். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் இதுதான் முதல் பாடம். கடைக்கு வருகிற ஒவ்வொரு ஆட்டோக்காரருக்கும் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். தம்பிக்குச் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை.

அன்றைக்கு என் எண்ணம் சின்னதுதான். மெயின் சன்னமாக இருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், ஃப்ரிட்ஜ் குளிராது, பால் திரிந்துபோகும். நாகர்கோவில் தாண்டுவதற்குள் விஜிதாவுக்கு அலுத்துவிடும், மூன்றாம் நாள் வாசலில் வந்து நிற்பார்கள், நான் தோசை ஊற்றுவேன். அதற்குமேல் நான் நினைக்கவில்லை. அதாவது, அன்றைக்கு.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். கடையில் ஆள் நின்றது.

“அக்கா, ஒண்ணச் சீவிப் பாத்தேன். உள்ள செம்பு கொஞ்சமாத்தான் இருக்கு. உறைதான் தடியா இருக்கு. நாலுல செம்பு கத்தையா இருக்கு. கம்பெனிக்காரன் மாத்திக் கீத்தி நம்பர் அடிச்சிட்டானா?”

எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள். நம்பரை நம்பாமல் செம்பைப் பார்த்திருக்கிறான். என்னிடம் ஐந்து வருஷம் இருந்திருந்தால் நல்ல கடைக்காரன் ஆகியிருப்பான். தறிக்குத்தான் போவேன் என்று போனவன்.

“செம்பப் பாக்காதல, இழையப் பாரு” என்றேன். “நாலுல ஒவ்வொரு இழையும் தலமுடி கணக்கா இருக்கும். அதாம்ல சன்னம்.”

இழையை உருட்டிப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு, “சரிக்கா. நீ சொன்னாச் சரி” என்றான். இழை தலைமுடி கனம்தான், அது பொய் இல்லை. ஒன்றிலும் அதே தலைமுடி கனம்தான் என்பதையும், நாலில் அந்த மாதிரி நாலு மடங்கு இழை இருக்கிறது என்பதையும் நான் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் நான் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முழுப் பொய் என்று ஒன்றும் தேறாது. நானும் பல தடவை பார்த்துவிட்டேன்.

ஆடித்தபசுத் திருவிழா கழிந்து நாலாம் நாள் விஜிதா கடைக்கு வந்தாள். நெற்றியில் கோயில் புற்றுமண் பூசியிருந்தாள். வண்டிக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். கைக்குட்டையிலிருந்து ஒரு நீல பியூஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நடுவில் கருகியிருந்தது.

“கெட்டில் போட்டதும் போயிட்டு மதினி. ஒங்க தம்பி வேற நீலம் வாங்கிட்டு வரச் சொன்னாவ.”

நீலம் பதினைந்து ஆம்பியர். மெயினில் போட நானே கொடுத்தது. பியூஸ் போனால் கோளாறு என்று நினைக்கிறார்கள். பியூஸ் போவதுதான் அதன் வேலை. வயர் தாங்காது என்று அது சொல்லிவிட்டுச் செத்திருந்தது.

“கெட்டில் போட்டா விளக்கும் மங்குது மதினி. செவத்துல கை வச்சுப் பாத்தேன், வயர் போற எடம் லேசாச் சுடுது. அவுகளுக்குத் தெரியல. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

பத்தொன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. வயரைப் பற்றி நிறம் கேட்காமல் சூட்டைச் சொன்ன ஆள் அவள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பலகையைக் கழற்று, மெயினை மாற்று என்று. அரை நாள் வேலை. பத்து ஸ்கொயர் காயில் என் தலைக்கு நேரே இருந்தது.

“புது வயர் அப்படித்தான் சுடும், விஜி. ஓட ஓடப் பழகிரும்” என்றேன்.

அவள் நகரவில்லை. கண்ணாடிப் பெட்டியில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே நின்றாள். “மதினி, நீங்களும் வாங்களேன். கன்னியாகுமரி வரைக்குமாவது. கீழ ஒரு மடக்குப் பலக போடச் சொல்லியிருக்கேன், ஒருத்தர் தாராளமாப் படுக்கலாம். ஒங்களுக்குத் தெரிய வேண்டாம், கெளம்புற அன்னைக்குச் சொல்லலாம்னு நெனச்சோம். என்னால வாயடக்க முடியல” என்று சிரித்தாள்.

“கடைய யாரு பாக்க?” என்றேன்.

“நாலு நாளு பூட்டுங்க மதினி. வயர் எங்கன போயிரப் போவுது?”

நான் பியூஸ் டப்பாவைத் திறந்தேன். நீலம் ஏழெட்டு இருந்தது. பச்சையை எடுத்துக் கொடுத்தேன். பச்சை முப்பது ஆம்பியர். “நீலம் இல்லியா?” என்றாள். “இதப் போடு, இனிமே போகாது” என்றேன். பச்சை நல்ல நிறம் என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். அவளும் கடைசியில் நிறத்தைத்தான் பார்த்தாள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னை நிறுத்துவீர்கள். இடம் இல்லை என்று கோபப்பட்டவள், இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஏன் கொடுத்தாய் என்பீர்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தேன். என் தம்பி கட்டிய வண்டியில் எனக்கு இடம் கேட்டு வாங்கித் தருகிறவள் அவள் என்பது எனக்கு ஒத்துவரவில்லை. வேறு விதமாக இதைச் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் கிளம்பியது வெள்ளிக்கிழமை. என்னை வரச் சொல்லி இரண்டு பேரும் வாசலில் நின்று மல்லுக்கட்டினார்கள். முழங்கால் வலி என்றேன். பதினொன்றரைக்குப் போனார்கள். தெருமுனையில் வண்டி திரும்பியபோது விஜிதா ஜீப் ஜன்னலில் கையை நீட்டி ஆட்டிக்கொண்டே போனாள், கண்ணாடி வளையல் வெயிலில் பளபளத்தது. எனக்கு அழுகை வந்தது. உண்மையான அழுகைதான், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள்.

மேலநீலிதநல்லூர் தாண்டி ஒரு புளியமர நிழலில் நிறுத்தினார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர்தான் வந்திருந்தார்கள், ஆனால் வண்டியில் முதல் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம். நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சம் சாதம். சாப்பிட்டதும் விஜிதா படுப்பாள். பத்தொன்பது வருஷமாக மதியம் சாப்பிட்டதும் மாடியில் பாய் விரிக்கிற சத்தம் கேட்கும், இடி விழுந்தாலும் நாலு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டாள். ராமசுப்பு பகலில் தூங்க மாட்டான். மூன்று மணிக்கு அவனுக்கு டீ வேண்டும்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் செய்தேன்.

“இப்பதாங்க்கா கெட்டில் போட்டேன். அவ தூங்குதா” என்றான். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

“ஒண்ணும் சரியாக் கேக்கல. அங்கன இருந்து தள்ளி, ரோட்டுப் பக்கமா வால” என்றேன்.

வந்தான். நான் சொன்னால் வருவான். மாடித் தொட்டி நிறைந்தால் எந்த வால்வை மூடணும் என்று கேட்டேன். சொன்னான். தறி வாடகைக்காரன் பேர் கேட்டேன். எலுமிச்சம் சாதத்தில் உப்பு சரியா என்றேன். அவனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது நான் வேப்பிலை பறிக்கப் போய் விழுந்த கதையைச் சொன்னேன். சிரித்தான். நடுவில் இரண்டு தடவை, “கெட்டில் போட்டிருக்கேங்க்கா, வைக்கட்டா?” என்றான். “ஒரு நிமிஷம்ல” என்றேன். எனக்கு அவனோடு பேச வேண்டும்போல இருந்தது. அவன் ஊரை விட்டுப் போகிறானே.

அப்புறம் அவன் பேச்சு பாதியில் நின்றது. ஓடுகிற சத்தம் கேட்டது. நான் போனை வைக்கவில்லை, அவன்தான் கீழே போட்டுவிட்டு ஓடினான். அதனால்தான் உங்கள் கணக்கில் இருபத்திரண்டு நிமிஷம் வருகிறது. நாங்கள் பேசியது பதினேழு. மீதி ஐந்து நிமிஷம் தரையில் கிடந்த போனில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கத்தியது தூரத்தில் கேட்டது. அதற்குள் இன்னொரு சத்தம், பலகையை உள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி. அதிகம் இல்லை. ஏழெட்டுத் தட்டு.

கதவு பின்பக்கம் ஒன்றுதான், சூட்டில் இறுகித் திறக்கவில்லை. அவன் வெறும் கையால் தகட்டைப் பிடித்து இழுத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னான்: “பொகைக்குள்ள விளக்கு எரிஞ்சிட்டே இருந்துச்சுக்கா. மங்கலா. அந்த வெளிச்சத்துல அவ கையப் பாத்தேன்.” விளக்குக்கு நான் கொடுத்தது நாலு ஸ்கொயர். நல்ல வயர். மெயின் சன்னமாக இருந்தால் அதற்கப்புறம் எவ்வளவு கனமாகப் போட்டும் பிரயோஜனமில்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது.

இனி ஒன்றுதான் பாக்கி. பச்சை பியூஸ் கொடுத்த மறுநாள் அவர்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் வண்டிக்குள் போய் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் போட்டு, கெட்டிலில் தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைத் தட்டினேன். பேட்டரிக் கெட்டில் கொதிக்க அரை மணி நேரம் ஆகும் என்று டப்பாவில் போட்டிருந்தது. சுவரில் கை வைத்து உட்கார்ந்தேன். எட்டாவது நிமிஷம் கை பொறுக்கவில்லை. பதிமூன்றாவது நிமிஷம் உறை உருகுகிற வாசனை வந்தது, கட்டிலுக்குத் தலைமாட்டில். அணைத்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து வாசனை போகும்வரை விசிறினேன். கெட்டிலைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தேன். பியூஸ் போகவில்லை.

ஆகவே இருபத்திரண்டு நிமிஷத்தை நீங்கள் தற்செயல் என்று எழுத வேண்டாம். மெயினுக்கு ஒண்ணு என்று அவன் நாக்கு சொன்னது, சொல்ல வைத்தது நான். பியூஸை மாற்றியது நான். அவனை ரோட்டுக்கு வரச் சொன்னதும் நான். அவனை மட்டும். விஜிதாவைக் கொன்றது நான்தான், சார். இதில் வயர் கம்பெனிக்கும் மருதப்பன் பட்டறைக்கும் சம்பந்தமில்லை. என் தம்பிக்கு அறவே சம்பந்தமில்லை.

மதியம் மூன்று மணிக்கு மாடியில் பலகை தட்டுகிற சத்தம் கேட்கிறது. முதல் நாள் ஏறிப் போய்ப் பார்த்தேன். பாய் சுருட்டியபடி இருந்தது. ஜன்னல் கதவாக இருக்கும். மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன். அங்கேயும் பார்வை நேரம் முடிந்து கதவைச் சாத்தும்போது ஒரு மாதிரி இருக்கிறது. கடையில் ஒரு ஸ்கொயர் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன். இருக்கிறது. கை போக மாட்டேன் என்கிறது.

ராமசுப்புவுக்கு இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. கூரையைப் பார்த்தபடி, ஒண்ணு, ஒன்றரை, நாலு என்று முணுமுணுக்கிறான். என்னைப் பார்த்தால், “நூல் மாதிரின்னு நெனச்சுட்டேங்க்கா, நான்தான் நெனச்சுட்டேன்” என்கிறான். நான் சொன்னது அவனுக்கு மறந்துவிட்டது. அல்லது மறக்க வேண்டும் என்று நினைக்கிறான். நாற்பது வருஷம் ஆகிறது, மறுபடியும் நான்தான் ஊட்டிவிடுகிறேன். குழைய வடித்துக் கொண்டுபோகிறேன். முதல் இரண்டு நாள் துப்பினான். இப்போது நன்றாகத்தான் சாப்பிடுகிறான்.

அவன் பேரில் கேஸ் வரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பேப்பரை அவனிடம் காட்ட வேண்டாம், வாயாலும் சொல்ல வேண்டாம். வேறு ஏதாவது காரணம் சொல்லி அனுப்பிவிடுங்கள், அவன் நம்புவான். என் விசாரணையையும் சீக்கிரம் முடித்துக்கொடுங்கள். கட்டுப் பிரிக்க இன்னும் ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்கிறார். தெரிந்தால் என் கையால் சாப்பிட மாட்டான். அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.